ரிஜிஸ்டரில் எந்த பிட் எங்கே?

சீரியல் போர்ட்டை இயக்கும் 16550 சிப்பில், லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் தொடக்க முகவரியுடன் 5 கூட்டினால் வரும் இடத்தில் உள்ளது. இதில் 8 பிட்கள். 0-வது பிட் 1 எனில் படிக்க டேட்டா வந்துள்ளது. 5-வது பிட் 1 எனில் அடுத்த எழுத்தை அனுப்பலாம்.

இதை சி மொழியின் பிட்ஃபீல்டாக எழுதத் தோன்றும். வேண்டாம்! பிட்களை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்பதை சி மொழி கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. இன்டெல் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிய டிரைவர், வேறு பிராசசரில் தவறான பிட்டைப் படிக்கக்கூடும்.

எனவே லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பெயரும் மதிப்பும் தருகிறார்கள். 5-வது பிட்டின் மதிப்பு 32. ரிஜிஸ்டரைப் படித்து, 32 உடன் 'அண்ட்' செய்யுங்கள். விடை 0 எனில் காத்திருங்கள். 32 எனில் அனுப்புங்கள். ரிஜிஸ்டரில் 96 இருந்தால்? 96 என்பது 64 + 32. தாராளமாக அனுப்பலாம்!