சாமானியப் பயணிக்கு விண்வெளி எட்டுமா?

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள ஊர் சாந்திபுரம். ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் எல்லைப் பகுதி அது. தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் அங்கு வழங்குகின்றன. அவ்வூரிலிருந்து திருப்பதிக்குப் புறப்படும் யாத்திரிகர் பலமனேர், சித்தூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் செல்ல வேண்டும். அரை நாளில் பேருந்து அவரைக் கொண்டு சேர்த்துவிடும். விண்வெளியின் எல்லை எனப் பொதுவாக ஏற்கப்பட்டுள்ள உயரமோ 100 கிலோமீட்டர்தான். தூரத்தை மட்டும் கணக்கிட்டால் சாந்திபுரத்து மக்களுக்குத் திருப்பதியைவிட விண்வெளி அருகில் உள்ளது. ஆயினும், 1961-இல் யூரி ககாரின் புவியைச் சுற்றி வந்ததிலிருந்து இன்றுவரை விண்வெளி சென்று மீண்டவர்கள் சில நூறு பேரே. இதற்கான காரணங்களை அறிந்தால்தான், விண்வெளிச் சுற்றுலா சாமானிய மக்களுக்கு எட்டுமா என்ற வினாவுக்கு விடை காண இயலும்.

வேகமே தடை

விண்வெளிப் பயணம் இரு வகைப்படும். முதலாவது, விண்வெளியின் எல்லையைத் தொட்டவுடன் கீழே திரும்பிவிடும் குறும்பயணம். மேலே எறிந்த கல் மீண்டும் தரைக்கு வருவதைப் போன்றது இது. ராக்கெட்டில் செல்லும் இத்தகைய பயணம் பத்து, பதினொரு நிமிடங்களில் முடிந்துவிடும்; எடையற்ற நிலையை மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மட்டுமே உணரலாம். இரண்டாவது, புவியைச் சுற்றிவரும் சுற்றுப்பாதைப் பயணம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்துச் சுற்ற, விண்கலம் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் பெற வேண்டும். அவ்வேகத்தில் செல்லும் கலம் புவியை ஒருமுறை சுற்றி வர சுமார் 90 நிமிடங்கள் போதும்.

இவ்விரண்டுக்கும் தேவைப்படும் ஆற்றலில் பெரும் வேறுபாடு உண்டு. ஒரு கிலோ எடையை 100 கிலோமீட்டர் உயர்த்துவதற்குத் தேவையான ஆற்றலைவிட, அதனைச் சுற்றுப்பாதையில் நிறுத்துவதற்கு முப்பது மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவை. அதாவது, விண்வெளியை எட்டுவதைவிட அங்கே தங்குவதே மிகக் கடினம்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உள்ளது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைச் சுற்றுப்பாதையில் சேர்க்கத் தேவையான ஆற்றலை மட்டும் மின்சாரக் கணக்கில் கூறினால், அது சுமார் 650 யூனிட்தான். நடுத்தரக் குடும்பம் ஒன்று சில மாதங்களில் செலவிடும் மின்சாரத்துக்கு அது சமம். எனவே, பயணக் கட்டணம் கோடிகளில் இருப்பதற்கு ஆற்றலின் விலை காரணமன்று. பயணியைச் சுமந்து செல்லும் ஊர்தியின் விலையே காரணம்.

ஒரே பயணத்தில் அழியும் ஊர்தி

விமானம் தன் எஞ்சினுக்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்றில்லாத வெளியில் செல்லும் ராக்கெட், எரிபொருளுடன் அதனை எரிக்கும் பிராணவாயுவையும் தானே சுமக்க வேண்டும். இந்தியாவின் ஆற்றல்மிக்க ஏவுகலமான எல்.வி.எம்.3 புறப்படும்போது ஏறத்தாழ 640 டன் எடை கொண்டிருக்கும். அது தாழ்ந்த சுற்றுப்பாதையில் சேர்க்கும் எடை சுமார் 8 டன். மேலே செல்லும் ஒவ்வொரு கிலோவுக்கும் தரையில் 80 கிலோ தேவை என்பது இதன் பொருள். அந்த எண்பதில் பெரும்பகுதி எரிபொருளாக எரிந்துவிடுகிறது. எஞ்சிய பகுதிகள் கடலில் விழுகின்றன அல்லது விண்ணிலேயே விடப்படுகின்றன.

சாந்திபுரத்திலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பேருந்தை ஒரு நடை முடிந்ததும் உடைத்தெறிவதாகக் கொள்வோம். பேருந்தின் முழு விலையையும் அந்த ஒரு நடையில் ஏறிய பயணிகளே பகிர்ந்து செலுத்த நேரிடும். அவ்வாறாயின் திருப்பதி யாத்திரை செல்வந்தர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். விண்வெளிப் பயணத்தின் பொருளாதாரம் நெடுங்காலம் இந்நிலையில்தான் இருந்தது.

இதுவரை சென்ற பயணிகள்

சொந்தச் செலவில் விண்வெளி சென்ற முதல் சுற்றுலாப் பயணி அமெரிக்கச் செல்வந்தர் டென்னிஸ் டிட்டோ. 2001 ஏப்ரலில் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அவர் சென்றார். அப்பயணத்துக்கு அவர் சுமார் 2 கோடி டாலர் செலுத்தியதாகக் கூறப்பட்டது. 2009 வரை இவ்வழியில் சென்றவர்கள் எழுவர் மட்டுமே.

2021-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டு ஜூலையில் வர்ஜின் கேலக்டிக், புளூ ஆரிஜின் ஆகிய இரு தனியார் நிறுவனங்களும் தத்தம் உரிமையாளர்களுடன் குறும்பயணத்தை நிகழ்த்திக் காட்டின. செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் கலத்தில், அரசு விண்வெளி வீரர் எவரும் இன்றி, குடிமக்கள் நால்வர் மூன்று நாட்கள் புவியைச் சுற்றி வந்தனர்.

ஆந்திர மண்ணுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. குண்டூர் மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட சிரிஷா பண்ட்லா 2021 ஜூலை 11 அன்று வர்ஜின் கேலக்டிக் கலத்தில் பறந்தார். விஜயவாடாவில் பிறந்த கோபிசந்த் தோட்டகூரா 2024 மே 19 அன்று புளூ ஆரிஜின் கலத்தில் சென்று, இந்தியாவின் முதல் விண்வெளிச் சுற்றுலாப் பயணி எனப் பெயர் பெற்றார்.

எனினும் கட்டணம் இன்னும் மலையளவு உயரத்தில் உள்ளது. வர்ஜின் கேலக்டிக் 2021-இல் அறிவித்த கட்டணம் 4,50,000 டாலர், ஏறத்தாழ 3.5 கோடி ரூபாய். சில நிமிடக் குறும்பயணத்துக்கே இத்தொகை. இந்தியாவில் 2030-ஆம் ஆண்டளவில் இத்தகைய பயணம் சுமார் 6 கோடி ரூபாய்க்குக் கிடைக்கக்கூடும் என்று 2023-இல் செய்திகள் வெளியாயின. இந்தியரின் தலா ஆண்டு வருமானம் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் எனக் கொண்டால், அது சராசரி மனிதர் ஒருவரின் 300 ஆண்டு வருமானம். சாமானியப் பயணி என்ற சொல்லை இக்கணக்குடன் பொருத்திப் பார்ப்பது அவசியம்.

மறுபயன்பாடு தரும் நம்பிக்கையும் பழைய பாடமும்

ஊர்தியை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே கட்டணத்தைக் குறைக்கும் முதன்மை வழியாகும். 2015 டிசம்பரில் பால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு செயற்கைக்கோள்களை ஏவிய பின் தரையில் நிமிர்ந்து இறங்கியது. 2017 மார்ச்சில், பறந்து திரும்பிய அடுக்கு ஒன்று இரண்டாம் முறையாக ஏவப்பட்டது. அவ்வகை அடுக்குகளுள் ஒன்று இதுவரை முப்பது தடவைக்கும் மேல் பறந்துள்ளது.

இந்தியாவும் இத்துறையில் முயன்று வருகிறது. சிறகுள்ள மறுபயன்பாட்டு ஊர்தியின் முதல் சோதனை 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நடைபெற்றது. 2023, 2024 ஆண்டுகளில் கருநாடகத்தின் சித்ரதுர்காவில் அவ்வூர்தியின் மாதிரி ஹெலிகாப்டரிலிருந்து விடப்பட்டு, ஓடுபாதையில் தானாகவே தரையிறங்கியது. மூன்று தரையிறக்கங்களும் வெற்றி பெற்றன.

ஆனால் மறுபயன்பாடு என்ற சொல் மட்டுமே மலிவை உறுதி செய்துவிடாது. 1970-களில் அமெரிக்கா விண்வெளி ஓடத்தைத் திட்டமிட்டபோது, அது அடிக்கடி பறந்து செலவைப் பெரிதும் குறைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. நடைமுறையில் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நீண்ட சோதனையும் பழுதுபார்ப்பும் தேவைப்பட்டன. 1981 முதல் 2011 வரையிலான முப்பது ஆண்டுகளில் அது 135 பயணங்களையே மேற்கொண்டது. ஊர்தி திரும்பி வந்தால் மட்டும் போதாது. குறைந்த செலவில், குறைந்த நாட்களில் மீண்டும் புறப்பட வேண்டும். திட்டமிடுவோர் மறவாது கொள்ளத்தக்க பாடம் இது.

உயிரின் விலை

அந்த 135 பயணங்களில் இரண்டு பேரிடரில் முடிந்தன. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் சிதறியபோது, விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தவிருந்த பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிப் உள்ளிட்ட எழுவர் மாண்டனர். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா சிதைந்தபோது, அரியானாவில் பிறந்த கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற அறுவரும் உயிரிழந்தனர். பயணிகளில் ஒருவர் ஆசிரியை என்பதற்காக இயற்கை விதிகள் இரக்கம் காட்டவில்லை. அறுபது, எழுபது பயணங்களுக்கு ஒருமுறை விபத்துக்குள்ளாகும் பேருந்தில் எவரும் தம் குடும்பத்தை ஏற்ற மாட்டார்கள். கட்டணம் குறைவதற்கு முன் ஆபத்து குறைய வேண்டும் என்பதே இதன் கருத்து.

ஸ்ரீஹரிகோட்டாவின் பங்கு

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்த தீவு ஸ்ரீஹரிகோட்டா. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இது, 2022-இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. 1971 அக்டோபரில் சிறிய ஆய்வு ராக்கெட்டுடன் இங்குப் பணி தொடங்கியது. கிழக்கே பரந்த கடலும், நிலநடுக்கோட்டுக்கு அண்மையான இருப்பிடமும் இதன் சிறப்புகள். கிழக்கு நோக்கி ஏவப்படும் கலத்துக்குப் புவியின் சுழற்சியே விநாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தை இலவசமாக அளிக்கிறது.

மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான அடித்தளம் இங்குப் படிப்படியாக இடப்பட்டது. 2007 ஜனவரியில் விண்கலம் ஒன்று 12 நாட்கள் புவியைச் சுற்றியபின் வங்கக் கடலிலிருந்து மீட்கப்பட்டது. 2014 டிசம்பரில் வீரர் கூண்டின் மாதிரி சோதிக்கப்பட்டது. 2023 அக்டோபர் 21 அன்று, ராக்கெட் பழுதுபட்டால் வீரர்களைப் பிரித்துக் காக்கும் அமைப்பு பறக்கும் நிலையில் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. 2025 ஜூன் 25 அன்று சுபான்ஷு சுக்லா அமெரிக்க நாட்டுக் கலத்தில் பன்னாட்டு நிலையத்துக்குப் புறப்பட்டு, ஜூலை 15 அன்று திரும்பியமை அனுபவத்தைச் சேர்த்தது.

இவை சுற்றுலாவுக்கென மேற்கொள்ளப்பட்டவை அல்ல. ஆனால் தப்பிக்கும் அமைப்பு, வெப்பக் காப்பு, பாரசூட், கடல் மீட்பு ஆகிய அனைத்தும் நாளைய பயணிக்கும் தேவைப்படுபவை. பொதுப்பணத்தில் பெற்ற இவ்வறிவே பின்னாளில் தனியார் பயணச் சேவைக்கு அடிப்படையாகும்.

சட்டமும் பொறுப்பும்

1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, தனியார் நிறுவனங்களின் விண்வெளிச் செயல்களுக்கும் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பாகும். ஏவப்பட்ட கலம் தரையில் இழப்பை ஏற்படுத்தினால், ஏவிய நாடு ஈடு செய்ய வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டின் ஒப்பந்தம். கலத்தில் பயணிப்பவரின் உரிமை வேறு வகையானது. அமெரிக்காவில் 2004-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆபத்துகளை எழுத்தில் அறிந்து ஒப்புக்கொண்ட பின்னரே பயணி ஏறலாம். இந்தியா 2020-இல் இன்ஸ்பேஸ் அமைப்பையும், 2023-இல் விண்வெளிக் கொள்கையையும் உருவாக்கித் தனியாருக்கு வழி திறந்துள்ளது. பயணி ஏறுமுன் அவருடைய பாதுகாப்பு, காப்பீடு, இழப்பீடு ஆகியவற்றைத் தெளிவுபடுத்தும் சட்டமும் இதனுடன் கைகோத்து வருதல் வேண்டும்.

சாமானியருக்கு இன்று கிடைப்பது

விண்வெளிச் சுற்றுலாவைக் கலத்தில் ஏறுவது என்று மட்டும் கருதினால், சாமானியர் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தரையிலிருந்து காண்பதையும் அதில் சேர்த்தால், வாய்ப்பு இன்றே உள்ளது. 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கென 5,000 பேர் அமரக்கூடிய காட்சியரங்கு இயங்குகிறது. முன்பதிவு செய்தவர்கள் ராக்கெட் எழுவதை நேரில் காணலாம். சென்னை-கூடூர் ரயில் பாதையிலுள்ள சூலூர்ப்பேட்டையே இதன் வாயில். அருகில் பழவேற்காடு ஏரியும் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயமும் உள்ளன. சாந்திபுரம் பகுதி மாணவர்களுக்கு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையமும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

இவ்விடங்களைப் பள்ளிக் கல்விப் பயணத்துடன் இணைப்பது மாவட்ட நிர்வாகங்களால் இயலக்கூடிய செயல். போக்குவரத்து, தங்கும் வசதி, வழிகாட்டிப் பணி ஆகியவற்றில் உள்ளூர் மக்களுக்கு, குறிப்பாக ஏவுதளத்துக்காக இடம் பெயர்ந்த யானாதிப் பழங்குடியினருக்கும் ஏரி மீனவர்களுக்கும், முன்னுரிமை அளிக்கலாம். விண்வெளியின் பயன் தீவைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் சேர இதுவே நேரான வழி.

முடிவுரை

விண்வெளி சாமானியப் பயணிக்கு எட்டாது என்று முடிவு கட்டுவதற்கு இயற்கை விதி எதுவும் இல்லை. அவருக்கு வேண்டிய ஆற்றல் சில நூறு யூனிட் மின்சாரமே. ஊர்தி அழியாது திரும்புதல், திரும்பியது விரைவில் புறப்படுதல், உயிருக்கு உறுதி, உரிமைக்குச் சட்டம் ஆகிய நான்கும் நிறைவேறும் வரை கட்டணம் இறங்காது. இவற்றுள் முதல் மூன்றும் பொறியாளர்கள் கையில் உள்ளன. நான்காவது ஆட்சியாளர்கள் கையில் உள்ளது. அதுவரை, சூலூர்ப்பேட்டைக்குப் பேருந்தேறும் சாந்திபுரத்து மாணவர் ஒருவர் ராக்கெட் எழும் காட்சியைக் கண்டு திரும்புவாராயின், அந்நான்கையும் நிறைவேற்றப் போகும் தலைமுறையில் அவரும் ஒருவராகக்கூடும்.