ஒரே கட்டணம், ஒரே உரிமை

முழு விலையை வாங்கிக்கொண்டு குறைச் சரக்குக் கொடுப்பது மோசடி என்பதை வணிகர்களாகிய நாம் அறிவோம். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரப் பஸ்களில் கறுப்பின மக்களுக்கு நடந்ததும் அத்தகைய மோசடிதான். கட்டணம் ஒன்றே, ஆயினும் வெள்ளையருக்காக எழுந்து இடம் விடவேண்டும்.

1955 டிசம்பர் 1 அன்று ரோஸா பார்க்ஸ் என்னும் தையல் தொழிலாளி அம்மையார் எழ மறுத்தார், கைதானார். டிசம்பர் 5 முதல் அம்மக்கள் 381 நாட்கள் பஸ்களைப் புறக்கணித்தனர். பயணிகளில் பெரும்பாலோர் அவர்களே. கம்பெனியின் வருமானம் சரிந்தது. ஆனாலும் நகர நிர்வாகம் இணங்கவில்லை.

நான்கு பெண்கள் வழக்குத் தொடுத்தனர். சட்டத்தின் முன் யாவருக்கும் சம பாதுகாப்பு என்னும் அரசியல் சாசன விதிக்கு இப்பாகுபாடு முரணானது என 1956 ஜூனில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதனை உறுதி செய்தது.

மக்களின் ஒற்றுமை, சாசனத்தின் வலிமை: இவ்விரண்டும் சேர்ந்ததே ஜனநாயகம்.