போத்தலின் நிறம் சொல்லும் பாடம்

பிள்ளைகளைக் கவரும் மென்பானப் போத்தல்களில் சிறு நிறக்குறி ஒன்று உண்டு. பெற்றோர் அதைக் கவனித்தல் வேண்டும்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு இக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். அதற்குக் குறைந்தால் பச்சை.

செம்மஞ்சள்தானே என்று ஆறுதலடையலாமா? குறி காட்டுவது 100 மில்லிலீற்றரின் கணக்கையே. முழுப் போத்தலின் கணக்கையல்ல. 10 கிராம் அளவுள்ள பானத்தில் 300 மில்லிலீற்றர் குடித்தால் சேர்வது 30 கிராம் சீனி. அதாவது ஏழரைத் தேக்கரண்டி. பிள்ளையின் தேநீரில் இவ்வளவு சீனி போட எந்தத் தாய் துணிவாள்?

பச்சைக் குறியும் சீனி குறைவு என்றே சொல்கிறது. சத்து உண்டு என்று சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் போதும். அப்பழக்கம் வீட்டிலேயே தொடங்கட்டும்.