விமான நிலைய விளக்கும் நம் கடை விளக்கும்

டயகமவில் மின்சாரப் பொருட்கள் விற்கும் நான், ஒரு தவறினால் கற்ற பாடத்தை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் வெளிப்புற விளக்குகள் பன்னிரண்டு எடுத்தேன். பெட்டியில் 'ஐ.பி. 67' என்று அச்சிட்டிருந்தது. விலையோ பாதி. மழை தொடங்கியதும் ஒரு லயத்து வாசலில் மாட்டிய விளக்கினுள் தண்ணீர் இறங்கி, அதன் உலோக உடலில் மின்சாரம் பாய்ந்தது. தொட்ட இளைஞன், ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் உயிர் தப்பினான். "நானா, உங்கள நம்பித்தானே வாங்கினோம்" என்றார் அவனுடைய தகப்பனார். விற்றவற்றையெல்லாம் தேடித் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். மொத்த வியாபாரியிடம் பரிசோதனை அறிக்கை கேட்டேன், அவரிடம் இல்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை.

விமான ஓடுபாதை விளக்குகளைப் பாருங்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் தரையோடு தரையாகக் கிடந்து எரிகின்றன. பொதுவாக 6.6 அம்பியர் மின்னோட்டத்தில் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒரு குமிழ் பழுதானால் மற்றவை அணையாதிருக்க, ஒவ்வொன்றுக்கும் தனி மின்மாற்றி உண்டு. ஒளியின் நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பும், மின்சுற்றுக்கு ஐ.ஈ.சி. 61820 நியமமும் அளவுகோல்கள். அங்கே விற்பவர் வாய்ச்சொல் செல்லாது. பரிசோதனைச் சான்றுதான் பேசும்.

அதே ஒழுங்கை நாமும் சிறிய அளவில் கைக்கொள்ளலாம்.

முதலாவது, குறியின் பொருளை அறியுங்கள். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது. ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கேடு வராது. ஆனால் இதை யாரும் பெட்டியில் அச்சிடலாம். 'சி.ஈ.' குறியையும் இத்தகைய பொருட்களில் பெரும்பாலும் உற்பத்தியாளரே தம் பொறுப்பில் இடுகிறார். எஸ்.எல்.எஸ். குறி அப்படியல்ல, இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் அனுமதி பெற்றே பதிக்கலாம்.

இரண்டாவது, பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அதிலுள்ள மாதிரி இலக்கமும் பொருளிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். வேறொரு மாதிரியின் அறிக்கை உங்கள் சரக்குக்குச் சாட்சியாகாது.

மூன்றாவது, சட்டத்தைக் கவனியுங்கள். நீள்சதுர முள்ளுள்ள 13 அம்பியர் ப்ளக்கே நாட்டின் நியமம் என 2016இல் முடிவாகி, 2018இல் மற்றைய வகைகளின் விற்பனைக்கும் தடை வந்தது. பழைய சரக்கு தேங்கியவர்களுக்கு நட்டம்தான்.

நான்காவது, பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பிரச்சினை வந்தால் கையில் இருப்பது அதுதான்.

இப்போது என் கடையில் அறிக்கையில்லாத வெளிப்புற விளக்கு ஏறுவதில்லை. இலாபம் சற்றுக் குறைவு. ஆனால் மழை பெய்யும் இரவில் எனக்கு நித்திரை வருகிறது.