பதினொரு கணினியில் ஓடுகிறது, பன்னிரண்டாவதில் ஏன் நிற்கிறது?

மாணவர்களே, லூபோக் சீனாவில் ஒரு பள்ளி. அதன் கணினி அறையில் 12 கணினிகள் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்களை நாளைக்குள் அச்சிட வேண்டும். பெயர்ப் பட்டியல் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதன் நகல் எல்லாக் கணினிகளிலும் உண்டு.

நம் நாட்டில் இந்தியர் பெயர்களுக்கு நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' வரும். முதலாவது அனாக் லெலாக்கி, மகன். அடுத்தது அனாக் பெரெம்புவான், மகள். 'குமரன் ஏ/எல் செல்வம்' என்பதை இரண்டு வரியாகப் பிரிக்க ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறோம். ரூமியில் குமரன் என்பது 7 எழுத்து. எட்டாவது இடம் வெற்றிடம். 'ஏ/எல்' 9-வது இடத்தில் தொடங்குகிறது. 'இன்ஸ்டர்' என்ற கட்டளை அந்த 9-ஐக் கண்டுபிடிக்கும். அதில் 2 கழித்தால் 7. 'லெஃப்ட்' என்ற கட்டளை இடப்பக்கமிருந்து 7 எழுத்துகளை எடுத்துத் தரும். அவ்வளவுதான் வேலை.

11 கணினிகளில் சரியாக ஓடுகிறது. ஒன்றில் மட்டும் 'லெஃப்ட்' என்ற சொல்லைக் காட்டிப் பிழை என்கிறது.

உடனே நிரலைத் திருத்தக் கை பரபரக்கும். வேண்டாம்! நன்றாக ஓடும் 11-ஐயும் கெடுத்துவிடுவீர்கள். பெயர்களைக் கையால் தட்டச்சு செய்யலாமே என்றும் தோன்றும். அவசரத்தில் யாராவது ஒருவர் பெயரில் ஓர் எழுத்து விழுந்துவிடும். சான்றிதழ் வாங்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? இங்கே நிரலும் பெயர்ப் பட்டியலும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஓடும் கணினியிலிருந்து கோப்பை பென்டிரைவில் கொண்டுவந்து 12-வதில் திறந்து பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் நிரலும் பட்டியலும் குற்றவாளிகள் அல்ல. மாறியிருப்பது கணினி ஒன்றுதான்.

இப்போது சோதனையை இன்னும் சிறிதாக்குங்கள். நிரல் எழுதும் திரையில் கண்ட்ரோல், ஜி இரண்டையும் அழுத்தினால் ஒரு சிறு சாளரம் வரும். அங்கே ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் முதல் 2 எழுத்தை 'லெஃப்ட்' மூலம் கேளுங்கள். அதுவும் தோற்றால் நம் நிரலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அதே திரையில் 'டூல்ஸ்' பட்டியலில் 'ரெஃபரன்சஸ்' என்று ஒன்று உண்டு. கோப்பு எந்தெந்த நூலகங்களின் உதவியோடு ஓடுகிறது என்ற பட்டியல் அது. அதில் ஏதாவது ஒரு வரிக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்று இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 'லெஃப்ட்' அந்த நூலகத்தைச் சேர்ந்ததே இல்லை! ஒரு நூலகம் காணாமற்போனால் மொத்த நிரலும் நின்றுவிடுகிறது. பழி ஒரு பாவமும் அறியாத சொல்லின் மேல் விழுகிறது.

நூலகம் எப்படிக் காணாமற்போகும்? எக்செல் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃபீஸ் 2010-இல் அதன் பதிப்பு எண் 14, 2016-இல் 16. புதிய கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த வரி தானாக 16-க்கு ஏறிவிடும். பழைய கணினிக்கு வந்தால் தானாக இறங்காது.

அந்த நூலகம் தேவையில்லை என்றால் அடையாளக் குறியை நீக்குங்கள். தேவை என்றால் அந்தக் கணினியில் இருக்கும் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'டீபக்' பட்டியலில் 'கம்பைல்' கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை இத்தகைய கோப்பைத் தயாரிக்கும்போது, அறையிலேயே மிகப் பழைய ஆஃபீஸ் உள்ள கணினியில் உட்கார்ந்து தயாரியுங்கள்.