கூத்து செத்துப்போச்சா? ராக் அண்ட் ரோல் சொல்லித்தரும் ஒரு பாடம்

"ராக் அண்ட் ரோல் செத்துப்போச்சு" என்பது புது டயலாக் இல்லை. அந்த இசை உலகம் முழுக்கப் பரவி அஞ்சு வருஷம் ஆவதற்குள்ளேயே அப்படிச் சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு அடிக்கடி காதில் விழும்: "தெருக்கூத்தெல்லாம் இப்ப யாருப்பா பாக்குறாங்க?" விழுப்புரம், திண்டிவனம் பக்கம் படிக்கிற நமக்கு ராக்கை விடக் கூத்துதான் கிட்ட இருக்கு. ஆனா ராக்கின் கதையில் ஒரு நல்ல அளவுகோல் கிடைக்குது. அதை முதலில் எடுத்துக்கிட்டு, அப்புறம் கூத்துக்குப் போவோம்.

ராக்குக்கு என்ன ஆச்சு?

1955ல் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' அமெரிக்காவில் முதலிடம் பிடிச்சது. 1957ல் லிட்டில் ரிச்சர்ட் ராக்கை விட்டு மதப் பணிக்குப் போயிட்டார். 1958ல் எல்விஸ் பிரெஸ்லியைக் கட்டாய ராணுவ சேவைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. 1959 பிப்ரவரி 3 அன்னிக்கு பட்டி ஹாலி விமான விபத்தில் இறந்தார். ஸ்டார்கள் ஒவ்வொருத்தரா காலி. கதை முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க.

முடியலை. கடலுக்கு அந்தப் பக்கம் லிவர்பூலில் சில பசங்க இவங்களோட ரெக்கார்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாசிக்கக் கத்துக்கிட்டிருந்தாங்க. 1960ல் இருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்களில் ராத்திரி ராத்திரியா மணிக்கணக்கில் வாசிச்சுக் கை பழகினாங்க. 1964ல் அமெரிக்காவில் போய் இறங்கினாங்க. அவங்கதான் பீட்டில்ஸ்.

இப்போதைய நிலைமை வேற. 2017ல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை என்ற இடத்தை ராக்கிடமிருந்து ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் பிடிச்சுது. அடுத்த வருஷம் கிதார் கம்பெனி கிப்சன் திவால் மனு போட்டுது. பழைய ராக் பாட்டுகளைக் கேட்க இன்னிக்கும் ஆள் இருக்கு. ஆனா ஒரு பேண்டுக்கு நாலு பேர், ஒரு டிரம் செட், பக்கத்து வீட்டுக்காரர் திட்டாத ஒரு ரூம் வேணும். லேப்டாப்பில் பாட்டு பண்ண ஒருத்தர் போதும்.

ஆக, ஒரு கலைக்கு உயிர் இருக்கான்னு பார்க்க மூணு கேள்வி கேட்கணும். பார்க்க ஆள் இருக்கா? நடத்த ஒரு காரணம் இருக்கா? புதுசா கத்துக்க ஆள் இருக்கா? 1959ல் ராக்கைக் காப்பாத்தினது மூணாவது கேள்விக்கான பதில்.

கூத்து தெரியாதவங்களுக்கு

வட தமிழ்நாட்டில் கூத்தின் முக்கியமான வீடு திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் அதே கதை கூத்தாக. செஞ்சி பக்கத்தில் இருக்கிற மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் ஆதிக் கோயிலாகச் சொல்ற மரபு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988ல் 'திரௌபதி வழிபாடு' பற்றி எழுதிய பெரிய புத்தகத்துக்குச் செஞ்சி வட்டாரம்தான் மையம். வெளிநாட்டுல இருந்து வந்து படிச்சிட்டுப் போன விஷயம் நம்ம பஸ் ரூட்டிலேயே இருக்கு!

கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்குவார். ரெண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரர் அதுக்குப் பின்னாலிருந்து பாடிக்கிட்டே வெளியே வருவார். கிரீடம், புஜக்கட்டை எல்லாம் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டினது. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் போகும்.

மூணு கேள்வியையும் கேட்போம்

பார்க்க ஆள் இருக்கா? குறைஞ்சிருக்கு. முதல்ல சினிமா, அப்புறம் டிவி, இப்போ மொபைல். விடிய விடிய முழிச்சிட்டுக் காலையில் எட்டு மணி ஷிஃப்டுக்குப் போக முடியாது. ஆனா யூடியூப்பில் தேடிப் பாருங்க. நம்ம மாவட்டங்களின் கூத்து மணிக்கணக்கான வீடியோவா வந்துக்கிட்டே இருக்கு. ஊரை விட்டு வேலைக்குப் போனவங்களும் அங்கிருந்தே பார்க்க முடியுது.

நடத்தக் காரணம் இருக்கா? இதில்தான் ராக்கை விடக் கூத்து பலமா நிக்குது. அம்மனுக்கு வேண்டுதல் இருக்கிற வரைக்கும் திருவிழா இருக்கும். கருமகாரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கிற வழக்கமும் உண்டு. டிக்கெட்டை நம்பி இந்தக் கலை வாழலை.

ஆனா இந்தத் தூணிலும் விரிசல் இருக்கு. ஒலி மாசு விதிகள், 2000 படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு 12 மணி வரை தளர்வு தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். கூத்து சூடு பிடிக்கிறதே 12 மணிக்கு மேலதான். இன்னொண்ணு, திருவிழா ஊரே சேர்ந்து நடத்துறது. ஊர் ரெண்டுபட்டா அது நின்னுடும். விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில், தலித் மக்களைத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள்ளே விடாத பிரச்சினையில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வெச்சாங்க. கோயில் பூட்டியிருந்தா கூத்து எங்கே நடக்கும்?

கத்துக்க ஆள் இருக்கா? உண்மையான சிக்கல் இங்கேதான். கூத்துக்குச் சிலபஸ் கிடையாது. சின்ன வயசிலேயே ஜமாவில் சேர்ந்து, பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, வாத்தியாரைப் பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கில் பழகணும். சீசன் முடிஞ்சா வருமானம் இல்லை. மரியாதையும் கம்மி. 'கூத்தாடி' என்பதையே நம்ம ஊரில் திட்டாகத்தானே வெச்சிருக்கோம்? அதனால் கூத்துக் கலைஞரே தன் பையனைப் படிக்க அனுப்புறார். அந்தப் பையன் இன்னிக்கு ஒரகடத்தில் ஷிஃப்டில் இருக்கலாம். நம்ம கிளாஸ்ல நமக்குப் பக்கத்து பெஞ்சிலும் இருக்கலாம். இது தப்பே இல்லை. ஆனா கூத்து தேய்வதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான்.

படிப்பும் கூத்தும் சேர்ந்து போக முடியுமான்னு ஒருத்தர் செஞ்சே பார்த்தார். கலைஞர் பெ. ராஜகோபால் 1990ல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் மூலமாக, காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் நடத்தினார். பள்ளிப் பாடமும் கூத்தும் ஒண்ணா நடந்துது. ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் பயிற்சி எடுத்தாங்க. 2020ல் அந்தப் பள்ளி மூடப்பட்டுது.

அப்போ பதில் என்ன?

கூத்து சாகலை. ஆனா லிவர்பூல் பசங்க மாதிரி ஒரு கூட்டம் அதுக்கு இன்னும் போதுமான அளவு கிடைக்கலை. நாம எல்லாரும் வேஷம் கட்டணும்னு சொல்ல வரலை. நாலு விஷயம் நம்மால் முடியும். கல்ச்சுரல்ஸில் 'ஃபோக் ஐட்டம்'னு பத்து நிமிஷம் ஒதுக்காம, ஒரு ஜமாவைக் கூப்பிட்டு முழுசா நாலு மணி நேரம் கொடுக்கலாம். டிஜேவுக்குத் தர்ற பணத்தை அவங்களுக்கும் தரலாம். வீடியோ எடுத்தா அனுமதி கேட்டு, ஒவ்வொரு கலைஞர் பேரையும் போடலாம். அடுத்த நாள் காலையில் ரெண்டு மணி நேரம் அடவும் தாளமும் சொல்லித்தரச் சொல்லிக் கேட்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு தடவை நேரில் பாருங்க. ஒரே ஒரு ராத்திரிதான் முடியும்னா பதினெட்டாம் போர் நடக்கிற ராத்திரியைத் தேர்ந்தெடுங்க. விடிஞ்சதும் கிளம்பிடாதீங்க. மண்ணால் செஞ்ச பெரிய துரியோதனன் படுத்திருக்கிற படுகளத்துக்கு வேஷக்காரங்க வருவாங்க, பீமன் அவன் தொடையை அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. செமஸ்டர் டைம்டேபிள் வந்ததும், உங்க ஊர்த் திருவிழாத் தேதியையும் பக்கத்தில் எழுதி வெச்சுக்கோங்க.