ஏலம் நடந்த நாளிலிருந்து எழுது

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்துக்குப் போனதைப் பற்றி எழுதியிருக்கிறாய். 14 ஆட்டம், 4 வெற்றி, பத்தாவது இடம். ஐந்து கோப்பை வென்ற அணி அட்டவணையின் அடியில் வந்து நின்றது அதுவே முதல் முறை. உனக்கு எழுத்து வரும் என்பது இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிட்டது. கோபமும் இருக்கிறது. அந்தக் கோபத்தை விட்டுவிடாதே. வாரமெல்லாம் மெஷினில் உட்கார்ந்து, சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சேப்பாக்கத்துக்கு ரயிலேறுகிற டைலர்கள் நம் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கோபப்பட ஒருவர் வேண்டும்.

ஆனால் ‘நிர்வாகம் சரியில்லை’ என்ற வரி உன் கட்டுரையில் பத்திக்குப் பத்தி வருகிறது. நிர்வாகத்தில் யார், அவர் எடுத்த எந்த முடிவு, அது என்றைக்கு எடுத்தது என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவினாசி சாலை பேக்கரியில் டீ கிளாஸோடு நின்று பேசுகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். அவர் வேலை முடிந்து மனசை ஆற்றிக்கொள்ள வந்தவர். அவர் நிறுத்திய இடத்தில்தான் உன் வேலை தொடங்குகிறது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அணி தோற்றுவிட்டால், அந்தத் தோல்விக்கு வழிவிட்ட முடிவு எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று தேடிப் போ. அங்கிருந்து எழுதத் தொடங்கு.

நீ எடுத்த விஷயத்தையே பார்ப்போம். மார்ச் 28 அன்று பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் ஜெயித்தது. 2008-க்குப் பிறகு அங்கே அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. 197 ரன்னைத் துரத்தும்போது தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். உன் கட்டுரையில் பாதி இதற்கே செலவாகிவிட்டது. கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 என்று முடிந்ததே, அதற்கு இந்தக் கேள்வியில் பதில் இருக்கிறதா? கொல்கத்தா 59 பந்து மிச்சம் வைத்து ஆட்டத்தை முடித்தது. ஒருவர் எந்த வரிசையில் இறங்கினார் என்பதற்காக ஓர் அணி அந்த அளவுக்குச் சரியாது. வேர் வேறெங்கோ இருக்கிறது.

2024 நவம்பருக்குப் போ. ஒவ்வோர் அணிக்கும் மொத்தம் 120 கோடி. ஏலத்துக்கு முன்பே சென்னை ஐந்து பேரைத் தக்கவைத்துக்கொண்டது: ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18, பதிரானா 13, துபே 12, தோனி 4. மொத்தம் 65. கையில் நின்றது 55 கோடி. நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் நூர் அகமதுக்கு 10 கோடியும் அஸ்வினுக்கு 9.75 கோடியும் போயிற்று. ஜடேஜாவையும் சேர்த்தால் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களுக்கு 37.75 கோடி. நடுவரிசைக்கு வாங்கிய ராகுல் திரிபாதி 3.4 கோடி, தீபக் ஹூடா 1.7, விஜய் சங்கர் 1.2. மூவருக்கும் சேர்த்து 6.3 கோடி. இந்த இரண்டு தொகையையும் அருகருகே எழுதிப் பார். ‘நிர்வாகம் சரியில்லை’ என்று நீ எழுதிய இடத்தில் இந்த இரண்டு எண்களை வைத்தால் படிக்கிறவர் தாமே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

அதோடு நிறுத்தாதே. நூர் அந்தத் தொடரில் 24 விக்கெட் எடுத்தார். அவருக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை. சேப்பாக்கத்தில் சுழலை நம்பிக் கட்டிய அணி பல வருஷம் ஜெயித்திருக்கிறது. முடிவுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது என்பதையும் எழுது. அதை எழுதிய பிறகு அந்தக் காரணம் எங்கே பொய்த்தது என்று நீ காட்டும்போதுதான் அந்த அணியை நேசிப்பவரும் உன்னை நம்புவார்.

இந்த இடத்தில் உனக்கு நியாயம் ரொம்ப முக்கியம். சீசன் பாதியில் சென்னை மூன்று இளைஞர்களை மாற்று ஆட்களாக எடுத்தது: ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல். மூவரும் ஜெட்டாவில் விலை போகாதவர்கள். மூவரும் வந்ததும் அடித்தார்கள். ‘இவர்களை முன்பே எடுத்திருக்க வேண்டாமா?’ என்று நீ ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். பிரித்துக் கேள். உர்வில் குஜராத்துக்காக 28 பந்தில் சதம் அடித்தது நவம்பர் 27 அன்று. அதற்கு இரண்டு நாள் முன்பே ஏலம் முடிந்துவிட்டது. அந்தச் சதத்தைக் காட்டி ஏல மேசையில் உட்கார்ந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மாத்ரே கதை வேறு. ஏலத்துக்கு முந்தைய மாதமே ரஞ்சிக் கோப்பையில் மகாராஷ்டிரத்துக்கு எதிராக 176 அடித்திருந்தார். வயது 17. அவரை ஏன் விட்டார்கள் என்று கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. அன்றைக்கு அவர்கள் கையில் என்ன தகவல் இருந்தது என்பதைத்தான் எப்போதும் முதலில் பார்க்க வேண்டும். பின்னால் தெரிந்ததை முன்னால் கொண்டுபோய் வைத்து எழுதுவது அநியாயம்.

விஜய் சங்கரைப் பற்றி நீ எழுதிய வரிகள் எனக்கு வருத்தம் தந்தன. ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக அவர் 54 பந்தில் 69 ரன் எடுத்துக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார். அணி 25 ரன்னில் தோற்றது. மெதுவாக ஆடினார் என்று எழுது, தப்பில்லை. ஆளையே கேலி செய்து எழுதாதே. 1.2 கோடிக்கு வாங்கிய ஒருவர் நடுவரிசையின் பாரத்தை முழுக்கச் சுமக்கிற நிலை எப்படி வந்தது? அவர் அந்த இடத்தைக் கேட்டு வாங்கவில்லை. ஆட்டக்காரன் முகம் டிவியில் தெரிகிறது, அதனால் வசவு அவனுக்குப் போகிறது. திட்டம் போட்டவர்கள் முகம் தெரிவதில்லை. தெரியாத முகத்தை வாசகனுக்குக் காட்டுவதற்குத்தான் எழுத்து.

நிர்வாகம் என்பதைப் பிரித்து எழுதப் பழகு. பணம் போடுகிற உரிமையாளர், ஏலத்தில் கை தூக்குகிறவர், ஆளைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர், பயிற்சியாளர், கேப்டன், காயத்தைக் கவனிக்கிற பிசியோ. ஒவ்வொருவர் வேலையும் தனி. ருதுராஜ் முழங்கை எலும்பு முறிந்து வெளியேறியதற்கு யாரும் பொறுப்பில்லை. அவர் வெளியேறினால் அடுத்தவர் யார் என்பதற்குப் பொறுப்பானவர் உண்டு.

அணியின் ஆழம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது என்ன என்பதை உனக்கு விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. உன் வீட்டிலேயே பனியன் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார். ஒரு லைனில் ஓவர்லாக் அடிக்க ஆறு பேர் இருப்பார்கள். பேட்லாக் போட ஒருவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பாடி தைத்த பீஸ் மலையாகக் குவியும், செக்கிங்கில் இருக்கிற பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கப்பலைத் தவறவிட்ட சரக்கு விமானத்தில் போகும்; அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் சரக்குக் கூலியில் கரைந்துவிடும். சீசன் நடுவில் ஓடிப்போய் ஆள் பிடிப்பதும் அதுவேதான். சரக்கு போய்ச் சேர்ந்துவிடும், கணக்கு நஷ்டத்தில் முடியும். ஓர் அணியில் 25 பேர் இருக்கிறார்கள் என்பது ஆழம் ஆகாது. எந்த வேலைக்கு ஒரே ஒருவர் இருக்கிறார் என்று பார்.

ஆழத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஹாக்கி பார். 15 நிமிஷம் வீதம் நான்கு பகுதி. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே உட்கார்ந்திருப்பவர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே போய்க்கொண்டே இருப்பார். அவர் தரம் குறைந்தால் அடுத்த கணமே தெரிந்துவிடும். கிரிக்கெட்டில் வெளியே இருப்பவரின் தரம் மாதக்கணக்கில் மறைந்தே கிடக்கும். நம் ஊர் கம்பெனிகளில் வேலை செய்கிற ஒடிசாக்காரர்களிடம் பேசு. அவர்கள் மாநிலத்து சுந்தர்கர் மாவட்டம் ஹாக்கி விளையும் மண். 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்குக் கேப்டன் அந்த மாவட்டத்து அமித் ரோஹிதாஸ். நம் மாநிலப் பெயர் தாங்கிய அணியைப் பற்றி நம்மைவிட நன்றாகப் பேசக்கூடியவர் பக்கத்து மெஷினிலேயே இருக்கலாம். அவரைக் கேட்காமல் ஹாக்கி பற்றி எழுதாதே.

ஆழம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜனவரி பிரிஸ்பேன் டெஸ்ட்டை விடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. முன்னணிப் பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்தார்கள். வலைப்பயிற்சியில் பந்து போடப் போன சின்னப்பம்பட்டி நடராஜனும், டெஸ்ட் அணியில் முதலில் பெயரே இல்லாத வாஷிங்டன் சுந்தரும் அந்த ஆட்டத்தில் அறிமுகமானார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். சுந்தர் 62 ரன்னும் சேர்த்தார். ஜனவரி 19 அன்று இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த இருவரையும் டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் ஐபிஎல்லும் தயார் செய்து வைத்திருந்தன. அதிகம் பேர் கவனிக்காத ஆட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. நீயும் அந்த ஆட்டங்களுக்குப் போ.

அதற்கு டிஎன்பிஎல்லில் நம் ஊர் பெயரிலேயே ஓர் அணி இருக்கிறது. காரைக்குடி காளையாக இருந்தது பின்னர் திருப்பூர் தமிழன்ஸ் ஆயிற்று. 2024 ஏலத்தில் சாய் கிஷோரை 22 லட்சத்துக்கும் நடராஜனை 11.25 லட்சத்துக்கும் எடுத்தார்கள். அந்த வருஷம் இறுதிக்கு ஒரு படி முன்னால் திண்டுக்கல்லிடம் தோற்றார்கள். 2025 ஜூலை 6 அன்று அதே திண்டுக்கல்லை, அவர்கள் ஊரிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில், 118 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி முதல் கோப்பையைத் தூக்கினார்கள். 220 ரன் குவித்த அந்த ஆட்டத்தில் துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65. ரஹேஜா தொடரில் 488 ரன் எடுத்தார். முந்தைய வருஷம் தோற்ற பிறகு எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள்? தோற்ற அணியிடம் கேட்கிற அதே கேள்வியை ஜெயித்த அணியிடமும் கேட்க வேண்டும். ஜெயித்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். நீ மறக்காதே.

இன்னொன்றும் அந்த அணியைப் பற்றி எழுதப்பட வேண்டும். 2025 தொடர் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு ஊர்களில் நடந்தது. திருப்பூரில் ஓர் ஆட்டமும் இல்லை. ஊர்ப் பெயர் சட்டையில் இருக்கிறது; உலகத்துக்கே சட்டை தைக்கிற ஊரின் சனம் அதைத் திரையில்தான் பார்த்தது. சென்னை தோற்றால் தூங்காத நம் பையன்களுக்கு, சொந்த ஊர் அணியின் பதினோரு பேர் பெயர் தெரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒரு நல்ல மைதானம் இங்கே ஏன் வேண்டும் என்று நீ எழுது. திரும்பத் திரும்ப எழுது. சென்னையைப் பற்றி நூறு பேர் எழுதுவார்கள். இதை எழுத உன்னை விட்டால் ஆள் குறைவு.

இனி ஒரு வேலை தருகிறேன். 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் சென்னை, இந்தியாவுக்கு ஆடியிராத கார்த்திக் சர்மா, பிரசாந்த் வீர் இருவரையும் ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து எடுத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியிருந்தது. அதற்குப் பிறகு நடந்த ஓர் ஆட்டத்தையும் தொடாமல், அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்ததை மட்டும் வைத்து, அந்த முடிவுகள் சரியா தவறா என்று எழுது. எந்த வேலைக்கு ஆள் வாங்கினார்கள், எந்த வேலைக்கு இன்னும் ஒருவர்தான் இருக்கிறார் என்று பட்டியல் போடு. உன் தீர்ப்பை ஒளிக்காமல் சொல். அது நாளைக்குத் தவறென்று ஆனாலும் பரவாயில்லை. காரணத்தோடு எழுதியது உன் கையெழுத்தாக நிற்கும். அடுத்த ஏலம் வரும்போது, கை தூக்குகிறவர்களுக்கு முன்பாகவே நீ எழுதி முடித்திருக்க வேண்டும்.

முதல் கட்டுரையையும் திருத்தி எழுது. ‘நிர்வாகம் சரியில்லை’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தொகை இருக்கட்டும். மூன்றும் கிடைக்காத இடத்தில் அந்த வரியை அடித்துவிடு. இரண்டையும் எனக்கு அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
திருப்பூர்